பசுமை வகுப்பும் தீ வகுப்பும் ஏன் தனித்தனியே நடக்கின்றன?

வரைபலகை

கட்டடக்கலை மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக வடிவமைப்பு வகுப்பு எடுத்து வருகிறேன். சென்ற பருவத்தின் இறுதி மதிப்பீட்டில் நடந்த ஒன்று இன்றுவரை மனத்தை உறுத்திக்கொண்டே இருப்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஒரு மாணவர் எட்டு மாடி நூலகம் ஒன்றை வடிவமைத்திருந்தார். தரையிலிருந்து கூரை வரை நடுவில் திறந்த முற்றம். சூடான காற்று அதன் வழியே மேலெழுந்து கண்ணாடிக் கூரையின் திறப்புகளில் வெளியேறும். தூண்களும் தளங்களும் மரம். வெளிச்சுவர் இரண்டு அடுக்குக் கண்ணாடி. இடையில் காற்றோட்டத்துக்கு ஒரு முழத்துக்கும் மேல் இடைவெளி. கூரையின் மீதிப் பரப்பு முழுவதும் சூரியத் தகடுகள். சுற்றுச்சூழல் பாடம் நடத்துபவர் அந்தக் காற்றோட்டத்தை மனமாரப் பாராட்டினார். தீப்பாதுகாப்புப் பாடம் நடத்துபவர், ஒவ்வொரு தளத்தையும் மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்த தரைப்படத்தில் கதவுகளின் அகலத்தையும் படிக்கட்டு வரையுள்ள நடைதூரத்தையும் அளந்து பார்த்துவிட்டு, விதிப்படி சரியாக இருக்கிறது என்றார். இருவரும் நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன்.

அன்றிரவு அந்த வெட்டுத்தோற்றத்தை, அதாவது கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதுபோன்ற படத்தை, மறுபடி எடுத்துப் பார்த்தேன். காற்றின் போக்கைக் காட்ட அவர் போட்டிருந்த நீல அம்புக்குறிகள் ஒவ்வொன்றும் புகையின் போக்கையும் அப்படியே காட்டின. இரண்டாம் தளத்தில் ஒரு வாசிப்பு மேசை எரிந்தால், அதன் புகை மேலே உள்ள ஆறு தளங்களின் திறந்த விளிம்புகளிலும் ஏறும். படிக்கட்டுகள் இரண்டும் அந்த முற்றத்தைப் பார்த்தே திறந்தன. நடைதூரம் சரிதான், ஆனால் நடக்க வேண்டிய வழி முழுவதும் புகைக்குள் இருந்தது. மூன்று ஆசிரியர்கள் பார்த்தும் ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

பிழை மாணவருடையது என்று எனக்குத் தோன்றவில்லை. நாம் அவருக்கு ஒரே கட்டடத்தை இரண்டு பாடவேளைகளில், இரண்டு புத்தகங்களில் கற்றுக்கொடுத்திருக்கிறோம். காற்றை வெட்டுத்தோற்றத்தில் கற்பித்தோம், தீயைத் தரைப்படத்தில் கற்பித்தோம். இரண்டையும் ஒரே தாளில் கற்பிக்க வழி என்ன என்பதே என் கேள்வி. களத்தில் இருப்பவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

நெடும்படி

ஐயா, நான் தீயணைப்புப் பணியில் இருபத்தைந்து ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் மாணவர்களுக்கு முதலில் காட்ட வேண்டியது தீ அணைந்த பிறகு ஓர் அறையின் சுவர் எப்படி இருக்கும் என்பதைத்தான். இடுப்பளவு உயரத்தில், நூல் பிடித்துக் கோடு போட்டதைப் போல, ஒரு கரிக்கோடு நான்கு சுவர்களையும் சுற்றி ஓடும். கோட்டுக்கு மேலே சுவிட்சுப் பலகை உருகி வழிந்திருக்கும். கோட்டுக்குக் கீழே சுவரில் மாட்டிய துணிப்பையின் நிறம்கூட மங்கியிருக்காது. சூடான புகை மேலே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழிறங்கிய இடம் அது. குனிந்து தவழ்ந்து வாருங்கள் என்று நாங்கள் சொல்வதன் காரணம் அந்தக் கோட்டில் எழுதியிருக்கிறது. அதை ஒருமுறை பார்த்த மாணவர் வெட்டுத்தோற்றத்தில் புகையை வரையாமல் விடமாட்டார்.

கட்டடத் தீயில் இறப்பவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது சுடர் அல்ல, புகைதான். கார்பன் மோனாக்சைடு மயக்கிவிடும். மெத்தையிலும் சோபாவிலும் உள்ள பாலியூரித்தேன் நுரை எரியும்போது ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்துகொள்ளும். அமெரிக்காவின் யூஎல் ஆய்வகம் இன்றைய அறைக்கலன்கள் உள்ள அறையையும் பழைய காலத்து மரம், பருத்தி அறைக்கலன்கள் உள்ள அறையையும் அருகருகே எரித்துப் பார்த்தது. இன்றைய அறை ஐந்து நிமிடத்துக்குள் முழுவதும் பற்றிக்கொண்டது. பழையது அந்த நிலைக்கு வர அரைமணி நேரத்துக்கு நெருக்கமாக ஆயிற்று. மக்கள் தப்பிக்கக் கிடைக்கும் நேரம் அவ்வளவு சுருங்கிவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தீத்தடுப்புக் கதவுகளுக்கு அடியில் மரத்துண்டு செருகித் திறந்தே வைத்திருப்பதை எண்ணற்ற கட்டடங்களில் பார்த்திருக்கிறேன். அங்கே வேலை செய்பவர்களைத் திட்டிப் பயனில்லை. சன்னலே இல்லாத, இருண்ட, காற்றில்லாத படிக்கட்டைக் கட்டிவிட்டு, கனமான கதவையும் போட்டால், அன்றாடம் அதில் ஏறி இறங்குபவர் என்ன செய்வார்? வெளிச்சமும் காற்றும் உள்ள படிக்கட்டை மக்கள் நாள்தோறும் பயன்படுத்துவார்கள். மின்தூக்கிக்குச் செலவாகும் மின்சாரமும் குறையும். ஆபத்து வரும்போது மனிதர்கள் வந்த வழியிலேயே திரும்ப ஓடுவார்கள், தெரியாத கதவைத் தேட மாட்டார்கள். 1942-இல் பாஸ்டன் நகரின் கோகோநட் குரோவ் கேளிக்கை விடுதியில் 492 பேர் இறந்தபோது, முதன்மை வாயிலின் சுழற்கதவு கூட்டத்தின் அழுத்தத்தில் அடைபட்டுப்போனது. உட்புறமாகத் திறக்கும் கதவுகளும் பூட்டிய கதவுகளும் மற்றவர்களை மடக்கிவிட்டன. அன்றாடம் நடக்கும் வழியே தப்பிக்கும் வழியாகவும் இருக்க வேண்டும். உங்கள் இரண்டு பாடங்களும் அந்தப் படிக்கட்டில் ஒன்றாகவே நிற்கின்றன.

நான்காமாண்டு

வணக்கம். நான் கட்டடக்கலை நான்காம் ஆண்டு மாணவி. ஆசிரியர்கள் பேசும் இடத்தில் மாணவர் பக்கத்தையும் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

எங்களுக்குத் தீப்பாதுகாப்பு என்றால் அட்டவணை. எத்தனை பேருக்கு எத்தனை மில்லிமீட்டர் கதவு, எந்தப் பயன்பாட்டுக்கு எவ்வளவு நடைதூரம் என்று மனப்பாடம் செய்து தேர்வு எழுதுகிறோம். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் சொன்னதில்லை. வடிவமைப்பு எல்லாம் முடிந்த பிறகு, சமர்ப்பிப்பதற்கு முந்தைய நாள், படத்தின் மேல் சிவப்புக் கோட்டில் வெளியேறும் வழியை வரைந்து சேர்ப்போம். அது பொருந்தவில்லையென்றால் ஒரு சுவரைச் சற்று நகர்த்துவோம்.

பசுமை வடிவமைப்போ எங்களுக்கு மிகவும் பிடித்தது. இந்தத் துறைக்கு வந்ததற்கே அதுதான் காரணம் என்று சொல்பவர்கள் என் வகுப்பில் பலர். அதனால் ஓர் அச்சமும் இருக்கிறது. மரம் என்றால் தீ, முற்றம் என்றால் தீ, வெப்பக்காப்பு என்றால் தீ என்று ஒவ்வொன்றாக மறுக்கப்பட்டு, கடைசியில் கான்கிரீட் பெட்டிதான் பாதுகாப்பு என்று ஆகிவிடுமோ என்று தோன்றுகிறது. மரத்தில் உயரமாகக் கட்டவே கூடாதா?

கணிமரம்

கட்டலாம், அம்மா, கட்டியும் இருக்கிறார்கள். நார்வேயில் 2019-இல் திறக்கப்பட்ட மியோஸ்தோர்னெட் 18 மாடி, 85 மீட்டருக்குச் சற்று மேல். நான் கட்டமைப்புப் பொறியாளர். மரக் கட்டமைப்புகளைக் கணக்கிடுவதே என் அன்றாட வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய குறுக்களவுள்ள மரம் எரியும் விதம் விறகு எரியும் விதம் அல்ல. மேற்பரப்பு ஏறத்தாழ 300 பாகை செல்சியசில் கரியாகத் தொடங்குகிறது. அந்தக் கரியே உள்ளிருக்கும் மரத்துக்கு வெப்பக்காப்பாக ஆகிவிடுகிறது. ஊசியிலை மரத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 0.65 மி.மீ. ஆழம் கரியாகும் என்று ஐரோப்பிய மரக் கட்டமைப்பு விதிநூலான யூரோகோடு 5 எடுத்துக்கொள்கிறது. 300 மி.மீ. சதுரத் தூண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் தீ சூழ்ந்தால் ஒரு மணி நேரத்தில் பக்கத்துக்கு 39 மி.மீ. போகும், வெப்பத்தால் வலுவிழந்த அடுக்குக்கு இன்னும் 7 மி.மீ. கழிக்க வேண்டும். மிஞ்சுவது 208 மி.மீ. சதுரம், அதாவது பரப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மணி நேரத்தில் மிஞ்சுவது 130 மி.மீ. சதுரம், பரப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. முனைகள் இன்னும் வேகமாகக் கரிந்து உருண்டுபோகும் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்தக் கணக்கை மாணவரே காகிதத்தில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள் வரைந்து பார்த்தால், தூண் ஏன் அவ்வளவு பருமனாக இருக்க வேண்டும் என்பது கைக்கே புரிந்துவிடும். எஃகையும் பக்கத்தில் வைத்துக்காட்ட வேண்டும்: எரியாத பொருள்தான், ஆனால் 600 பாகையில் அதன் வலிமை பாதிக்கும் கீழே போய்விடும். தீச்சோதனை உலைகளில் பயன்படும் ஐஎஸ்ஓ 834 வளைகோட்டின்படி அரைமணி நேரத்திலேயே வெப்பம் 840 பாகையைத் தாண்டிவிடுகிறது.

இதனால் மரம் பாதுகாப்பானது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தூண் தாங்கும் என்பது ஒரு செய்தி. அறையில் தீ எவ்வளவு பெரிதாகும் என்பது வேறொரு செய்தி. சுவரும் மேல்தளமும் மறைக்காத மரமாக இருந்தால் அவையும் எரிபொருள்தான். அறைக்கலன்கள் எரிந்து தீர்ந்த பிறகும் தீ தானாகத் தணியாமல் போகலாம். மர அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் செய்யும் குறுக்கடுக்கு மரப்பலகைகளில் சில பசைகள் வெப்பத்தில் இளகும். கரிந்த அடுக்கு அப்படியே கழன்று விழ, புதுமரம் வெளிப்பட்டு மறுபடி தீ எழும். அமெரிக்காவில் 2021-இன் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு மரக் கட்டடங்களை 18 மாடி வரை அனுமதித்தது. ஆனால் அந்த உயரத்துக்கு மரம் முழுவதும் ஜிப்சம் பலகை போன்ற எரியாத மூடுபொருளுக்குள் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. மாணவர்கள் மரத்தைத் தேர்ந்தெடுப்பது அதன் அழகு கண்ணுக்குத் தெரிவதற்காகவும்தான். எவ்வளவு மரத்தைக் காட்டலாம், எவ்வளவை மறைக்க வேண்டும் என்பது தூய வடிவமைப்புக் கேள்வி. அதைக் கடைசி நாளில் கேட்க முடியாது.

சுவரிடை

என் துறை வெளிச்சுவர் அமைப்புகள். இந்த இழையில் கிரென்ஃபெல் டவரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அதை மாணவர்களிடம் வெறும் ‘பெரும் தீ விபத்து’ என்று சொல்லி நகர்ந்துவிடவும் கூடாது.

லண்டனில் 1974-இல் கட்டி முடிக்கப்பட்ட 24 மாடிக் கான்கிரீட் குடியிருப்பு அது. ஒரே ஒரு படிக்கட்டு. ஒரு வீட்டில் தீப்பற்றினால் அது அந்த வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடும், மற்றவர்கள் தத்தம் வீட்டிலேயே இருக்கலாம் என்ற நம்பிக்கையில் அதன் பாதுகாப்பு முறை அமைந்திருந்தது. கான்கிரீட் சுவரும் தளமும் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம். 2016-இல் முடிந்த புதுப்பிப்பில் வெளிச்சுவருக்கு வெப்பக்காப்பும் அதன்மேல் அலுமினியக் கூட்டுத் தகடுகளும் போர்த்தப்பட்டன. குளிர் தாங்காத பழைய வீடுகளை வெப்பம் காக்கும் வீடுகளாக மாற்றுவது நல்ல நோக்கம். நாம் வகுப்பில் கற்பிக்கும் அதே நோக்கம். ஆனால் அந்தத் தகட்டின் இரண்டு மெல்லிய அலுமினிய ஏடுகளுக்கு நடுவே இருந்தது பாலிஎத்திலீன். வெப்பக்காப்புப் பலகைகளும் பெரும்பாலும் எரியக்கூடிய நுரைதான். 2017 ஜூன் 14 அன்று நள்ளிரவு தாண்டி நான்காம் மாடி வீடு ஒன்றின் குளிர்பதனப் பெட்டியில் தொடங்கிய தீ, சன்னல் ஓரத்தின் வழியே அந்தப் போர்வையைத் தொட்டது. அரைமணி நேரத்துக்குள் உச்சியை எட்டியது. 72 பேர் இறந்தார்கள்.

வீட்டிலேயே இருங்கள் என்ற அறிவுரை 1974-இன் கட்டடத்துக்குப் பொருந்தியது, 2016-இன் கட்டடத்துக்குப் பொருந்தவில்லை. சுவரை மாற்றியவர்கள் அறியாமலேயே மக்கள் தப்பிக்கும் முறையையும் மாற்றிவிட்டார்கள். அந்த முறையை யாரும் திருத்தி எழுதவில்லை. நான் வகுப்பெடுக்க நேரும்போது பழைய சுவரின் வெட்டுப்படத்தையும் புதிய சுவரின் வெட்டுப்படத்தையும் ஒரே அளவீட்டில் வரையச் சொல்வேன். சன்னல் சட்டத்துக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே உள்ள இரண்டு விரல் சந்து, அதற்குள் என்ன அடைத்திருக்கிறது, அதன் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு பொருளாகப் பெயர் எழுதி, எரியுமா எரியாதா என்று குறிக்க வேண்டும். வரைந்து முடித்ததும் பெரும்பாலும் அறையில் ஓர் அமைதி வரும்.

வரைபலகை ஐயா சொன்ன இரட்டைக் கண்ணாடிச் சுவருக்கும் இதே பாடம். குறுகிய இடைவெளிக்குள் நுழைந்த சுடர் காற்றைத் தேடிப் பல மடங்கு நீண்டு ஓடும். தளத்துக்குத் தளம் தடுப்பு வைத்தால் காற்றோட்டம் நின்றுவிடும் என்று மாணவர்கள் வாதிடுவார்கள். அது நியாயமான வாதம். சாதாரண நாளில் காற்றுக்கு வழிவிட்டு, வெப்பம் பட்டதும் உப்பிப் பெருகி இடைவெளியை அடைத்துவிடும் தடுப்புப் பட்டைகள் இருக்கின்றன. அவற்றுக்கும் வரம்பு உண்டு: உப்பி அடைப்பதற்குச் சிறிது நேரம் பிடிக்கும், ஓர் அளவுக்கு மேல் அகலமான இடைவெளியை அவற்றால் அடைக்க முடியாது. ஒரு முழத்துக்கும் மேலான அந்த இடைவெளிக்கு அவை போதாது. அப்படியானால் இடைவெளியின் அகலத்தையே தீயையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தளவரைவு

இருபது ஆண்டுகளாகக் கட்டட வடிவமைப்பு அலுவலகம் நடத்துகிறேன். எல்லோரும் சொல்வது உண்மை என்றாலும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. பாடத்திட்டத்தில் இனி இடமில்லை. கட்டமைப்பு, ஒலி, ஒளி, மின்சாரம், நீர் என்று ஒவ்வொரு துறையும் தன்னை ஆழமாகக் கற்பிக்கச் சொல்கிறது. தீப்பொறியியலுக்கென்றே தனிப் படிப்பு படித்தவர்கள் இருக்கிறார்கள். கட்டடக் கலைஞர் அரைகுறையாகக் கற்றுக்கொண்டு தானே தீர்மானிப்பது, ஒன்றும் தெரியாமல் நிபுணரிடம் கேட்பதைவிட ஆபத்தானது.

வரைபலகை

ஐயா, உங்கள் எச்சரிக்கையை மதிக்கிறேன். அரைகுறை அறிவின் ஆபத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் நிபுணர் பெரும்பாலும் எப்போது வருகிறார் என்று யோசித்துப் பாருங்கள். முற்றம் எங்கே, படிக்கட்டு எங்கே, எத்தனை மாடி, எந்தப் பொருள் என்பதெல்லாம் முடிவான பிறகுதான் வருகிறார். அப்போது அவரால் செய்ய முடிவது கருவிகளைக் கூட்டுவது மட்டுமே: இன்னும் ஒரு விசிறி, இன்னும் ஒரு திரை, இன்னும் ஓர் உணரி. ஒவ்வொன்றுக்கும் பராமரிப்பு வேண்டும், மின்சாரம் வேண்டும். வடிவத்தாலேயே கிடைத்திருக்கக்கூடிய பாதுகாப்பை இயந்திரத்தால் வாங்குகிறோம். இதைச் சிக்கனம் என்றும் சொல்ல முடியாது, பசுமை என்றும் சொல்ல முடியாது.

கிரென்ஃபெல் விசாரணையின் இறுதி அறிக்கை 2024 செப்டம்பரில் வந்தது. பல பத்தாண்டு அரசுகளையும், பொருள்களைத் தவறாக விளம்பரப்படுத்திய உற்பத்தியாளர்களையும் கடுமையாகக் கண்டித்ததோடு, புதுப்பிப்பை வடிவமைத்த கட்டடக் கலைஞர்களின் பொறுப்பும் மிகப் பெரியது என்று கூறியது. அங்கேயும் தீ ஆலோசகர்கள் இருந்தார்கள். ஆலோசகர் இருப்பதும் அவரிடம் சரியான கேள்வி போய்ச் சேர்வதும் வேறு வேறு. கேள்வி கேட்கும் அளவுக்காவது நம் மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். நான் கோருவது புதிய பாடவேளை அன்று. ஏற்கெனவே உள்ள வடிவமைப்பு வகுப்புக்குள் தீயும் வந்து உட்கார ஓர் இடம்.

தளவரைவு

கூடுதல் பாடமாக இல்லாமல் வடிவமைப்பு வகுப்புக்குள்ளேயே என்றால் எனக்கு மறுப்பில்லை. என் அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்கள் அந்தக் கேள்விகளோடு வந்தால் எனக்கே பெரிய உதவி.

ஆற்றங்கரை

சுற்றுச்சூழல் பொறியியல் பக்கத்திலிருந்து ஒரு செய்தி. தீப்பாதுகாப்பைப் பசுமைக்கு எதிர்த்தட்டில் வைத்துப் பேசுகிறோம். தீயே ஒரு சுற்றுச்சூழல் நிகழ்வு என்பதை மறந்துவிடுகிறோம். 1986 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் வேதிப்பொருள் கிடங்கு எரிந்தபோது, தீயணைக்கப் பாய்ச்சிய நீர் பூச்சிக்கொல்லிகளைக் கரைத்துக்கொண்டு ரைன் ஆற்றில் கலந்தது. ஆறு சிவந்து ஓடியது, மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. அணைத்த நீர் எங்கே போய்ச் சேரும் என்பதும் தளவமைப்புப் படத்தில் வர வேண்டிய ஒன்று.

மறுபக்கமும் இருக்கிறது. தீயைத் தடுக்க நாம் பயன்படுத்தியவற்றில் சில பின்னாளில் நஞ்சாக முடிந்தன. கணினி அறைகளைக் காத்த ஹேலான் வாயுக்கள் ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் 1987-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் வந்தன. பாலிஸ்டைரீன் வெப்பக்காப்பில் தீத்தடுப்பியாகக் கலந்த எச்பிசிடி என்னும் புரோமின் சேர்மம் உடலிலும் மண்ணிலும் சேர்ந்துகொண்டே போவதால் 2013-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. எரியும் பொருளை எடுத்துக்கொண்டு அதில் மருந்து கலந்து எரியாமல் செய்வதைவிட, முதலிலேயே பாறையை உருக்கி நூற்ற கம்பளி (இது கல்நார் அல்ல) போன்ற எரியாத வெப்பக்காப்பை எடுத்தால் சுவர் சற்றுப் பருமனாகும், அவ்வளவுதான். அந்தப் பருமனை ஏற்றுக்கொள்ள வடிவமைப்பாளர் முதல் நாளே தயாராக இருக்க வேண்டும்.

நான்காமாண்டு

இந்த இழையைப் படித்துவிட்டு, என்னுடைய சென்ற ஆண்டுத் திட்டத்தை வெட்டுத்தோற்றத்தில் மறுபடி வரைந்து பார்த்தேன். அதிலும் ஒரு முற்றம் இருக்கிறது. படிக்கட்டுகளை முற்றத்தின் ஓரத்திலிருந்து வெளிச்சுவருக்கு நகர்த்தினேன்; சன்னல் கிடைத்தது, வெளிச்சம் கிடைத்தது, முற்றத்துக்கும் படிக்கட்டுக்கும் இடையே ஒரு சிறிய முன்னறையும் கிடைத்தது. முற்றம் சிறிதும் கெடவில்லை. கூரைத் திறப்புகளே புகை வெளியேறவும் போதும் என்று நினைக்கிறேன். இது சரியா?

நெடும்படி

படிக்கட்டை நகர்த்தியது மிகச் சரி, அம்மா. கூரைத் திறப்பைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். மேலே புகை வெளியேற வேண்டுமானால் கீழே அதே வேகத்தில் புதுக்காற்று உள்ளே வர வேண்டும். அந்த வழியையும் வரைந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அடுத்தது, வெயில் நேரத்தில் கண்ணாடிக் கூரைக்கு அடியில் ஏற்கெனவே சூடான காற்று தேங்கி நிற்கும். கீழேயிருந்து எழும் புகை வழியில் குளிர்ந்துவிட்டால் அந்தச் சூட்டைத் துளைத்து மேலே போகாது. ஐந்தாம் மாடி, ஆறாம் மாடி உயரத்தில் மேகம்போலப் பரவி நின்றுவிடும். உச்சியில் வைத்த புகை உணரிக்கு ஒன்றுமே தெரியாது. அதனால் உணரிகளை இடையிலும் வைக்க வேண்டும், மேல்தளங்களின் விளிம்பைக் கண்ணாடியாலோ புகைத்திரையாலோ மூட வேண்டும். அன்றாடம் காற்றுக்காகத் திறந்து மூடும் திறப்பு துருப்பிடிக்காமல் இயங்கும் என்பது உண்மை. அந்த எண்ணத்தைக் கைவிட வேண்டாம், கணக்கை ஒரு தீப்பொறியாளரிடம் காட்டுங்கள்.

கூரையில் சூரியத் தகடு இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். வெயில் இருக்கும்வரை தகட்டிலிருந்து மின்சாரம் வந்துகொண்டேதான் இருக்கும். முதன்மை மின்விசையை அணைத்தாலும் தகட்டுப் பக்கக் கம்பிகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். தீயணைப்பவர் ஏறி நடக்கவும் கூரையை வெட்டித் திறக்கவும் தகடுகளுக்கு நடுவே வழி விடுங்கள்.

வரைபலகை

அடுத்த பருவத்தின் முதல் வாரத்தை இப்படி வைத்துக்கொள்ளப் போகிறேன். மாணவர்கள் தரைப்படம் எதையும் வரையும் முன், ஒரே வெட்டுத்தோற்றத்தில் நீல மையால் காற்றையும் கறுப்பு மையால் புகையையும் வரைவார்கள். கணிமரம் அவர்களின் தூண் கணக்கும் சுவரிடை அவர்களின் சன்னலோர வெட்டுப்படமும் இரண்டாம் வாரம். மதிப்பீட்டின்போது சுற்றுச்சூழல் ஆசிரியரும் தீப்பாதுகாப்பு ஆசிரியரும் ஒரே படத்தின் முன் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, ஒரே மதிப்பெண்ணை இருவரும் சேர்ந்து போட வேண்டும். இருவரிடமும் பேசிவிட்டேன், ஒப்புக்கொண்டார்கள். அந்த நூலகத்தை வரைந்த மாணவரையும் அழைத்து, மதிப்பீட்டில் நாங்கள் கேட்கத் தவறிய கேள்வியைச் சொல்லிவிட்டேன். அவர் வருத்தப்படவில்லை, படத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நெடும்படி ஐயா, முதல் நாள் வகுப்புக்கு நீங்கள் வர இயலுமா?

நெடும்படி

வருகிறேன், ஐயா. கரிக்கோடு விழுந்த சுவர்களின் புகைப்படங்கள் என்னிடம் இருக்கின்றன, எடுத்து வருகிறேன். அந்த நூலகத்தின் பழைய படத்தையும் சுவரில் ஒட்டி வையுங்கள். நீல அம்புகளை அழிக்க வேண்டாம்.